விரிவுரைக் காணொளிகளைப் பூட்ட வேண்டாம், தேட விடுங்கள்

பல்கலைக்கழக இணையவழிக் கற்றல் மையத்தின் இயக்குநர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

விரிவுரைக் காணொளிகளுக்கு இந்தப் பருவத்திலிருந்து மூன்று புதிய விதிகள் என்று இணைப்புக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதல் விதிப்படி முன்னோக்கி ஓட்டும் வசதி நிறுத்தப்படும். முழுக்கப் பார்த்தால்தான் வருகை. இரண்டாவது விதிப்படி, காணொளிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த, பேச்சின் எழுத்துப்படி நீக்கப்படும். அதில் பிழைகள் மலிந்திருக்கின்றனவாம். மூன்றாவது விதிப்படி எல்லாப் பதிவுகளும் புதிய சேமிப்பகத்துக்கு மாறும். அங்கே அவற்றுக்குப் பாடக் குறியீடும் தேதியும் மட்டுமே பெயர். பழைய இணைப்புகள் செல்லாது. பதிவறையிலும் ஆய்வகத்திலும் நூலகத்திலும் இந்தக் காணொளிகளோடு அன்றாடம் புழங்குகிற எங்களால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஏற்க முடியவில்லை. ஏன் என்பதையும், இதே செலவில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 வகுப்புகள். வகுப்புக்கு 50 நிமிடம் என்றால் 37.5 மணி நேரம். பருவத்துக்கு ஆறு தியரிப் பாடம் என்றால் 225 மணி நேரப் பதிவு சேர்கிறது. தேர்வுக்கு முன் பத்து நாள் விடுமுறை கிடைத்தாலும், எல்லாவற்றையும் ‘முழுக்கப் பார்க்க’ ஒரு நாளைக்கு 22.5 மணி நேரம் உட்கார வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. வகுப்பில் ஏற்கெனவே கேட்ட மாணவர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிக்கிக்கொண்டுதான் பதிவுக்கு வருகிறார். எடுத்துக்காட்டாக மின்சுற்றுப் பாடத்தில், சார்பு மூலம் உள்ள சுற்றில் தெவெனின் மின்தடையை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற மூலங்களை அணைப்பதுபோல் சார்பு மூலத்தை அணைக்க முடியாதே, அப்போது சோதனை மூலத்தை எங்கே இணைப்பது? இந்த விளக்கம் 50 நிமிடப் பதிவில் 31 ஆவது நிமிடத்தில் தொடங்கி நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பூட்டிய காணொளியில் அந்த நான்கு நிமிடத்துக்காக 31 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதுவும் எந்தப் பதிவு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான். கோப்பின் பெயரில் தேதி மட்டும் இருந்தால் அது எப்படித் தெரியும்?

டேட்டாவையும் கணக்கில் எடுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் 50 நிமிடப் பதிவு ஏறக்குறைய 375 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ப்ரீபெய்டு திட்டத்தில் நான்கு விரிவுரை ஓடினால் அன்றைய கணக்கு தீர்ந்தது. விடுதி வைஃபை இல்லாத மாணவர் தவறான மூன்று பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டு நான்காவதில் சரியானதைக் கண்டுபிடிக்கும்போது, அதை முடிக்க டேட்டா இருக்காது.

பூட்டு தன் நோக்கத்தையும் நிறைவேற்றுவதில்லை. ஒலியை அணைத்து ஒரு தாவலில் ஓடவிட்டு, இன்னொரு தாவலில் வேறு வேலை பார்க்கும் மாணவருக்கு முழு வருகை விழுகிறது. உண்மையாகத் தேடி வந்து நான்கு நிமிடத்தை மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டவருக்கு வருகை இல்லை. இன்னொரு சிக்கல்: ‘எதுவரை பார்த்தார்’ என்ற குறிப்பை இப்போதுள்ள பிளேயர் உலாவியிலேயே வைத்துக்கொள்கிறது. ஆய்வகக் கணினிகள் அணையும்போதெல்லாம் உலாவித் தரவைத் துடைத்துவிடும்படி அமைக்கப்பட்டவை. மின்சாரம் போய்வந்தால் மாணவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். அரியர் எழுதுபவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு வருகையே தேவையில்லை, ஆனால் பூட்டு அவர்களுக்கும் உண்டு.

மாணவர் கவனித்தாரா என்று தெரிய வேண்டுமென்றால் அதற்கு வழி இருக்கிறது. மூடில் என்ற கற்றல் தளத்தில் எச்5பி என்ற கருவியைக் கொண்டு காணொளிக்கு இடையே கேள்விகளைச் செருகலாம். 50 நிமிடத்துக்கு மூன்று கேள்வி, ஒவ்வொன்றும் அப்போது முடிந்த கருத்திலிருந்து, விடை எண்ணாகவோ நான்கில் ஒன்றாகவோ. ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலை. வருகையை அந்த விடைகளுக்குக் கொடுங்கள். ஓட்டும் பட்டையை விட்டுவிடுங்கள்.

இனி எழுத்துப்படி. அதில் பிழைகள் இருப்பது உண்மைதான். தெவெனின் தேற்றம் பல இடங்களில் ‘தேவனின் தேற்றம்’ ஆகியிருக்கிறது. படித்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அந்தப் பிழைகள் ஏன் வருகின்றன என்று பார்க்காமல் எழுத்துப்படியையே எடுத்துவிட்டால், மாணவரிடம் இருந்த ஒரே தேடல் கருவி போய்விடுகிறது. பெரும்பாலான பிழைகள் மென்பொருளுக்குப் போகும் முன்பே, வகுப்பறையிலேயே உண்டாகின்றன.

கூரையில் தொங்கும் மைக்கும் மடிக்கணினியின் உள் மைக்கும் ஆசிரியரின் குரலோடு மின்விசிறியையும் நடைவழியையும் சேர்த்தே வாங்குகின்றன. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. சட்டையில் மாட்டும் காலர் மைக் இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். தாடைக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில், மேல் பொத்தானுக்கும் இரண்டாவது பொத்தானுக்கும் நடுவே மாட்ட வேண்டும். புடவையென்றால் தோள் மடிப்பில் மாட்டாமல் கழுத்து விளிம்பில். துப்பட்டாவோ அடையாள அட்டைக் கயிறோ உரசினால் அந்தச் சத்தம் ஒவ்வொரு அசைவிலும் ஒரு சொல்லை விழுங்கும். ஒலியளவு உச்சத்தில் கழித்தல் 12 க்கும் கழித்தல் 6 டெசிபெலுக்கும் இடையில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வகுப்பு தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் பாதித் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். பேட்டரி தீர்ந்த மைக்கோடு முழு வகுப்பையும் ஊமையாகப் பதிவுசெய்வது அரிதாக நடக்கும் விஷயமில்லை.

இரைச்சல் நீக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையவழிக் கூட்ட மென்பொருள்களில் அதை ‘அதிகம்’ என்று வைத்தால் மின்விசிறிச் சத்தம் போகும், கூடவே சொற்களின் கடைசி அசையும் மழுங்கும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாக உறைக்காது. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் சொல்லின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘மின்தடையை’, ‘மின்தடைக்கு’, ‘மின்தடையால்’ மூன்றும் ஒரே மாதிரி மழுங்கிப் போனால் எழுத்துப்படி அர்த்தம் மாறிவிடும். அதனால் காலர் மைக் இருக்கும் அறைகளில் நீக்கியைக் ‘குறைவு’ என்று வைப்பதே நல்லது.

மாணவர் கேட்கும் கேள்வி பதிவில் விழுவதே இல்லை. ‘ஆமா, அதான் சொன்னேனே’ என்று பதில் மட்டும் இருக்கும். கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னால், நாளை அதே சந்தேகத்தோடு தேடும் இன்னொரு மாணவருக்கு அந்த இடம் அகப்படும். இதற்குக் கருவியே தேவையில்லை.

அடுத்தது மென்பொருள். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருள் தமிழையும் எழுதும். சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே இத்தகைய மாதிரிகளை (மாடல்களை) வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் கல்லூரிக் கணினியிலேயே ஓட்டலாம். ஆசிரியரின் குரல் வெளி நிறுவனத்துக்குப் போக வேண்டியதில்லை. விஸ்பரின் மீடியம் மாதிரிக்கு ஏறக்குறைய 5 ஜிபி, லார்ஜ் மாதிரிக்கு 10 ஜிபி வரைகலை அட்டை நினைவகம் வேண்டும். இரவில் சும்மா கிடக்கும் கேட் (கணினிவழி வடிவமைப்பு) ஆய்வகத்துக் கணினி ஒன்று போதும்.

அப்படியே ஓட்டினால் எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசாமல் பலகையில் கணக்குப் போடுவார். அந்த மௌனத்தில் விஸ்பர் இல்லாத வாக்கியங்களைத் தானாக எழுதும், அல்லது முந்தைய வரியையே இருபது முறை திருப்பி எழுதும். பேச்சு உள்ள பகுதிகளை மட்டும் முதலில் பிரித்தெடுக்கும் வடிகட்டியைப் போட வேண்டும். முந்தைய பகுதியின் எழுத்தை அடுத்த பகுதிக்கு ஊட்டும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் செய்தால் இந்தப் பேய் வரிகள் பெருமளவு அடங்கும்.

நம் வகுப்பறை மொழி கலப்பு மொழி. ‘இந்த லூப்ல கேவிஎல் அப்ளை பண்ணா ரெண்டு ஈக்வேஷன் வரும்’ என்றுதான் பாடம் நடக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை. மொழியை மென்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், தொடக்கத்துச் சில நொடிகளை வைத்து அது ஆங்கிலம் என்று முடிவுசெய்து, முழு வகுப்பையும் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதித் தரும். தமிழ் என்று நாமே குறிப்பிட வேண்டும். அந்த அலகின் கலைச்சொற்களை முன்குறிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் அங்கே இடம் குறைவு: 224 டோக்கன்கள், அதாவது மென்பொருள் சொற்களை நறுக்கும் துண்டுகள், மட்டும்தான். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை எடுத்துக்கொள்ளும். ஆகவே பாடப் புத்தகத்தின் பின்னிணைப்பு முழுவதையும் அங்கே கொட்டக் கூடாது. அலகுக்கு இருபது இருபத்தைந்து சொற்கள், குறிப்பாக ஆட்பெயர் கொண்ட தேற்றங்களும் சுருக்கங்களும். மீதியை ஒரு மாற்றுப் பட்டியல் பார்த்துக்கொள்ளும். ‘தேவனின் தேற்றம்’ என்று வந்தால் ‘தெவெனின் தேற்றம்’ என்று மாற்று. இப்படி ஒரு பாடத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டால் அடுத்தடுத்த பருவங்களுக்கும் அது உழைக்கும்.

கடைசியில் மனிதக் கண் வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் திருத்தப் புகுந்தால் பதிவின் நீளத்தைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும்; அந்த வேலை பாதியில் நின்றும்விடும். தேடலுக்கும் படிப்புக்கும் முக்கியமானவை நான்கு: கலைச்சொல், எண்ணும் அலகும், சூத்திரத்தை வாயால் சொல்லும் இடம், ‘இல்லை’, ‘கூடாது’ போன்ற எதிர்மறை. இந்த நான்கை மட்டும் பார்த்துத் திருத்தினால் பாடம் தெரிந்த மாணவர் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு விரிவுரையை முடித்துவிடுவார். அதற்குக் கூலி கொடுங்கள். ஆய்வக உதவிக்கு மணிக்கணக்கில் மாணவர்களுக்கு ஊதியம் தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

திருத்திய கோப்பு கடைசிப் படியில் கெட்டுப்போவதும் வழக்கமாக நடக்கிறது. எஸ்ஆர்டி என்ற வசனவரிக் கோப்பின் விகுதியை மட்டும் வெப்விடிடி என்ற இன்னொரு வடிவத்தின் விகுதியாக மாற்றிப் பதிவேற்றுகிறார்கள், பிளேயர் எதையும் காட்டுவதில்லை. வெப்விடிடி கோப்பின் முதல் வரியில் அதன் பெயர் தலைப்பாக இருக்க வேண்டும். எஸ்ஆர்டியின் நேரக்குறியில் நொடிக்குப் பின் காற்புள்ளி, இதில் முற்றுப்புள்ளி. கோப்பை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகும். பதிவின் தொடக்கத்தில் உள்ள வெற்று நிமிடங்களையும் வருகை எடுக்கும் பகுதியையும் எழுத்துப்படி எடுப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பிறகு மூன்று நிமிடம் வெட்டினால் எல்லா நேரக்குறியும் மூன்று நிமிடம் தள்ளிப்போகும். கூட்ட மென்பொருளிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வரும் பதிவுகளில் சட்ட வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை வெட்டி ஒட்டுவதற்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் வரிகள் முடிவில் சில நொடி விலகி நிற்கும்.

பேச்சை மட்டும் எழுதினால் போதாது. ‘இதை எடுத்து இங்க போட்டா இது வந்துரும்’ என்பதை எழுத்தில் படித்தால் யாருக்கு என்ன புரியும்? ஸ்லைடும் பலகையும் வேண்டும். ஸ்லைடுகளுக்கு ஆசிரியரிடமிருந்து கோப்பையே வாங்கிவிடுவது எல்லா வழிகளிலும் எளிது. காணொளியிலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளுக்குப் பிறகு போகலாம். அத்தகைய மென்பொருளான டெசராக்ட் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே படிக்கும், ஆனால் 360பி என்ற தெளிவு குறைந்த பதிவில் கீழ்க்குறிகள் கரைந்துவிடும். ஸ்லைடு மாறிய நேரத்தைத் தானாகக் கண்டுபிடிக்க, புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ இணைப்பைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். அறைக் கேமரா என்றால் ஆசிரியர் குறுக்கே நடக்கும்போதெல்லாம் ‘புதிய ஸ்லைடு’ என்று எண்ணிக்கொள்ளும். இன்னொரு பழைய வியாதி: பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்றங்களில் செய்த ஸ்லைடுகள். திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் ரோமன் எழுத்துக் குப்பை. தமிழ்நாடு அரசு 2010 இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் இவை சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால்தான் தேடல் அவற்றைத் தொடும்.

பலகையில் நடக்கும் வகுப்புக்கு இதெல்லாம் உதவாது. சாக்பீஸ் கையெழுத்தை நம்பத்தக்க விதத்தில் படிக்கும் மென்பொருள் எங்கள் கையில் இல்லை. அங்கே கைவேலைதான். புதிய தலைப்பு, புதிய கணக்கு, சூத்திர வருவிப்பின் தொடக்கம் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் பதிவறையில் இருப்பவர் ஒரு விசையை அழுத்தி நேரத்தையும் மூன்று நான்கு சொற்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். 50 நிமிடத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு குறி விழும். யூடியூபில் ஏற்றும் பதிவுகளுக்கு இதையே விளக்கப் பகுதியில் ஒட்டினால் அத்தியாயங்களாகப் பிரிந்துகொள்ளும். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அத்தியாயம் தோன்றாது. ஏன் தோன்றவில்லை என்றும் யூடியூப் சொல்லாது.

கோப்புப் பெயரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேதி மட்டும் உள்ள பதிவு ஊர்ப் பலகை இல்லாத பேருந்து. பாடக் குறியீடு, அலகு எண், விரிவுரை எண், தலைப்பு என்ற வரிசை போதும். தேதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் இரண்டாம் அலகு முடிந்து மூன்றாம் அலகு தொடங்கினால் இரண்டு எண்ணையும் போடுங்கள். விரிவுரை எண் 1, 2, 10 என்று போகாமல் 01, 02, 10 என்று இருக்கட்டும். இல்லையென்றால் அகரவரிசையில் 10 ஆவது வகுப்பு 2 ஆவதற்கு முன்னால் வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்து, போர்ட்டலின் தேடல் பெட்டி இப்போதுபோல் தலைப்பை மட்டும் பார்த்தால் பயனில்லை. எழுத்துப்படி, ஸ்லைடு, நேரக்குறி மூன்றையும் அது பார்க்க வேண்டும். தமிழுக்கு ஏற்றபடியும் பார்க்க வேண்டும். ‘மின்னோட்டம்’ என்று தேடும் மாணவருக்கு ‘மின்னோட்டத்தை’, ‘மின்னோட்டத்தின்’ உள்ள வரிகள் இப்போது கிடைப்பதில்லை. கடைசி மகரமெய் போய்த் ‘த்து’ வந்துவிடுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் அங்கே தோற்கிறது. சொல்லின் அடியைப் பிரித்துத் தேட வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 12 ஆம் பதிப்பிலிருந்தே தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பான் உள்ளது. அது எல்லா இடத்திலும் சரியாகப் பிரிக்காது, இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

கண்ணுக்குத் தெரியாத தொல்லை ஒன்றும் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒருவர் தட்டச்சிய ‘கொள்ளளவு’ இன்னொருவர் தட்டச்சிய ‘கொள்ளளவு’டன் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. நிரலில் ஒரு வரி.

அதற்கு அடுத்தது இணைச்சொல் பட்டியல். மின்தேக்கி, கெப்பாசிட்டர், கபாசிட்டர், கன்டென்சர் ஆகிய நான்கில் எதைத் தட்டினாலும் நான்கும் வர வேண்டும். ரோமன் எழுத்தில் தட்டினாலும் வர வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாணவர்களின் விரல் அப்படித்தான் போகிறது. பாடத்துக்கு 150 வரிகள் கொண்ட பட்டியல் போதுமானது. பாட ஆசிரியரும் நூலகரும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்தால் எழுதிவிடலாம். தேடல் விடையைச் சொடுக்கினால் அந்தச் சொல் வரும் நொடியில் தொடங்காமல் பத்து நொடி முன்னால் தொடங்கட்டும். வாக்கியத்தின் தலை தெரியாமல் வால் மட்டும் கேட்டால் மறுபடி பின்னோக்கி இழுக்கத்தான் வேண்டும்.

சேமிப்பிடம் போதவில்லை என்கிறது சுற்றறிக்கை. கல்வி நிறுவனங்களுக்கான வரம்பற்ற சேமிப்பை நிறுத்துவதாகவும், நிறுவனத்துக்கு 100 டிபி வரம்பு என்றும் கூகுள் 2021 இல் அறிவித்த பிறகு பல பல்கலைக்கழகங்களுக்கும் இந்த நெருக்கடி வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்துப்படியை நீக்குவதால் என்ன மிச்சம்? காணொளி 375 எம்பி என்றால் அதன் எழுத்துப்படி நேரக்குறிகளோடு சேர்த்து 200 கேபி அளவுதான். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. அசையாத ஸ்லைடு உள்ள பதிவை நொடிக்கு 250 கிலோபிட்டில் சுருக்கினாலும் படிக்க முடிகிறது. அது 95 எம்பிக்குள் அடங்கும். ஒலி மட்டும் உள்ள பிரதியை ஓபஸ் வடிவில் 32 கிலோபிட்டில் வைத்தால் 12 எம்பி. இந்த 12 எம்பியையும் எழுத்துப்படியையும் ஸ்லைடு பிடிஎஃபையும் ஒன்றாகத் தரவிறக்கக் கொடுத்தால், பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வந்துபோகும் மாணவர் டேட்டா இல்லாமலே ஒரு வகுப்பைத் திருப்பிக் கேட்பார்.

எழுத்துப்படியை நீக்குவது சட்டப்படியும் சரியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 42 ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதையும் அதில் வசனவரி இருப்பதையும் உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. செவித்திறன் குறைந்த மாணவருக்கு அந்தப் பிழையுள்ள எழுத்துப்படிதான் இன்று வகுப்புக்குள் நுழையும் ஒரே வாசல். ‘பிழையைத் திருத்தச் செலவாகும், ஆகவே எடுத்துவிடுகிறோம்’ என்ற முடிவு புதிதல்ல. வசனவரி இல்லாததைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2016 இல் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2017 இல் 20,000 க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து அகற்றியது. செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அதனால் லாபமில்லை, மற்றவர்களுக்கும் இல்லை. அந்த வழியில் இங்கே யாரும் போக வேண்டாம்.

ஆசிரியர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வகுப்பில் சொன்ன வேடிக்கைப் பேச்சு எழுத்தாகி, வெட்டி ஒட்டப்பட்டு வெளியே சுற்றுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். எழுத்துப்படி வெளியாகுமுன் ஆசிரியர் பார்த்துத் திருத்த ஏழு நாள் கொடுங்கள். பாடத்துக்குப் புறம்பான வரியை நீக்கும் உரிமை அவருக்கே இருக்கட்டும். மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் வரும் இடங்கள் ஒலியிலும் எழுத்திலும் போக வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்தவர்களுக்கு மட்டும் திறந்தால் போதுமானது.

நாங்கள் கேட்பவை இவை. முன்னோக்கி ஓட்டுவதைத் தடுக்கும் விதியை இந்தப் பருவத்திலேயே திரும்பப் பெறுங்கள். வருகை வேண்டுமானால் இடைக்கேள்விகளுக்குக் கொடுங்கள். ஏற்கெனவே இருந்த எழுத்துப்படிகளை ‘தானியங்கி எழுத்து, பிழை இருக்கலாம்’ என்ற குறிப்போடு உடனே மீண்டும் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பிழையைச் சுட்டும் பொத்தான் ஒன்று இருக்கட்டும். பதிவு நடக்கும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு காலர் மைக்கும், மாற்று பேட்டரியும், ஒரு ஹெட்போனும் வாங்க அனுமதி கொடுங்கள். பாடத்துக்கு இரண்டு மாணவத் திருத்துநர்களுக்கு மணிக்கணக்கு ஊதியம் ஒதுக்குங்கள். முதல் கட்டமாக, அரியர் அதிகம் விழும் ஐந்து பாடங்களை எடுத்து நேரக்குறி, எழுத்துப்படி, இணைச்சொல் பட்டியல், தேடல் நான்கையும் முழுமையாகச் செய்து பாருங்கள். எந்த ஐந்து என்பதைத் தேர்வுப் பிரிவின் பட்டியலே சொல்லும். புதிய சேமிப்பகத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, பழைய இணைப்புகள் நேரக்குறியோடு அங்கே போய்ச் சேரும்படி செய்யுங்கள். மாணவர்களின் குறிப்பேடுகள் முழுக்க அந்த இணைப்புகள்தான் இருக்கின்றன. அதுவரை பழைய பதிவு எதையும் அழிக்க வேண்டாம்.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பா மறுப்பா என்று எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பதானால் காரணத்தோடு. மைக் பொருத்துவதிலிருந்து தேடல் அமைப்பதுவரை செய்து காட்டக் கூட்டத்துக்கு வர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரிகளின் பதிவறைப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள், நூலகர்கள்